கணிப்பொறிக்குத் தீர்ப்புக் கூறுமுன்...

 

வீட்டிலுள்ள கணிப்பொறி ஒரு நாள் காலையில் இயங்க மறுத்தால் நம் நாவில் முதலில் வரும் சொல் என்ன? "போய்விட்டது!" என்பதுதான். எது போயிற்று, எதனால் போயிற்று, உண்மையிலேயே போயிற்றா என்று எவரும் கேட்பதில்லை. மகன் "போர்டு அவுட்" என்பான். அண்டை வீட்டார் "வைரஸ்" என்பார். கடைக்காரர் "பழைய மாடல் பாய், புதிதாக வாங்கிவிடுங்கள்" என்பார். விசாரணை இல்லை, சாட்சி இல்லை. தீர்ப்பு மட்டும் வந்துவிடுகிறது!

அந்தத் தீர்ப்பின் விலை சிறிதன்று. பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், பெருங்களத்தூர் எனத் தொடரும் இப்பகுதிகளில் நம் சமுதாயக் குடும்பங்கள் பலவற்றுக்குக் கணிப்பொறி ஆடம்பரப் பொருளன்று. வளைகுடாவில் உழைக்கும் தந்தையின் வியர்வையில் வாங்கப்பட்டது அது. அன்றாடம் கல்லூரி சென்றுவர இயலாத பெண்மக்களுக்கு அதுவே கல்லூரி. வீட்டிலிருந்தபடியே கணக்கெழுதியும் தட்டச்சு செய்தும் ஹலாலான வருவாய் ஈட்டும் சகோதரிகளுக்கு அதுவே கடை.

மேற்குத் தாம்பரத்தில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தின் நிலையைச் சொல்கிறேன். கணவரை இழந்த ஒரு தாய். எங்கள் மதரஸாவில் ஓதிய ஒரே மகள். அஞ்சல் வழியில் பி.காம். படித்துக்கொண்டே இரண்டு கடைகளுக்கு வரவு செலவு எழுதிக் கொடுத்து வந்தாள் அப்பிள்ளை. ரமலானுக்கு முந்திய வாரம் கணிப்பொறி நின்றுவிட்டது. எடுத்துச் சென்ற கடையில் பெட்டியைத் திறந்துகூடப் பாராமல், "மதர்போர்டு போய்விட்டது, ஒன்பதாயிரம் ஆகும்" என்றனர். அந்தத் தாய் காதிலிருந்த தோட்டைக் கழற்றி அடகுக் கடைக்குப் புறப்பட ஆயத்தமாகிவிட்டார். செய்தி அறிந்ததும், பொறியியல் படிக்கும் எங்கள் பழைய மாணவர் ஒருவரை அனுப்பி வைத்தேன். அவர் பெட்டியைத் திறந்து, ரேம் எனப்படும் நினைவகத் தகட்டைக் கழற்றி, அதன் பொன்னிற விளிம்பைப் பென்சில் எழுத்தை அழிக்கும் ரப்பரால் மெல்லத் துடைத்து, மீண்டும் அழுத்திப் பொருத்தினார். திரை ஒளிர்ந்தது. செலவு ஒரு ரப்பர் துண்டு!

ஒரு மூமினான பெண்மணியை வட்டியின் வாசல் வரை கொண்டு நிறுத்தியது எது? ஆராயப்படாத ஒரு செய்திதான். ஒரு செய்தி வந்தால் அதைத் தெளிவாக விசாரித்து அறிந்துகொள்ள வேண்டும் என்று அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6-ஆம் வசனம் நமக்குக் கற்பிக்கிறது. மனிதர்களைப் பற்றிய செய்திக்கு இறங்கிய கட்டளை அது. எனினும் அது வளர்க்க விரும்பும் பண்பு நம் வாழ்வு முழுவதற்கும் உரியதன்றோ? அதே அத்தியாயத்தின் 12-ஆம் வசனம் வீண் சந்தேகத்தையும் தடுக்கிறது. எனவே, பழுதுபார்ப்பவர் எல்லோரும் ஏமாற்றுக்காரர் என்று கருதிவிடவும் வேண்டாம். நேர்மையாகத் தொழில் செய்வோர் நம் பகுதியில் பலர் உண்டு. நாம் அவரிடம் நடந்ததை ஒழுங்காகச் சொல்வதில்லை என்பதும் உண்மை.

அறிவிப்பாளர் தொடரைப் போல...

ஹதீஸ்கலை வல்லுநர்கள் ஒரு நபிமொழியை ஏற்குமுன் அதன் அறிவிப்பாளர் தொடரைக் கண்ணி கண்ணியாக ஆராய்ந்தார்கள். எங்கே தொடர் அறுந்திருக்கிறது, எந்தக் கண்ணி பலவீனமானது என்று கண்டறிந்த பின்னரே தீர்ப்புக் கூறினார்கள். கணிப்பொறிக்கும் இத்தகைய தொடர் உண்டு. சுவரிலுள்ள பிளக்கிலிருந்து மின்சாரம் யு.பி.எஸ்ஸுக்கும், அங்கிருந்து கேபிள் வழியாக எஸ்.எம்.பி.எஸ். பெட்டிக்கும் வருகிறது. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அதை 12, 5, 3.3 வோல்ட்டுகளாகக் குறைத்து மதர்போர்டுக்கு வழங்குவது இந்த எஸ்.எம்.பி.எஸ். அதன் பின்னரே நினைவகம், வன்தட்டு, திரை ஆகியவை உயிர் பெறுகின்றன.

ஆராய்ச்சியை வெளியிலிருந்து தொடங்குங்கள். வெளிக் கண்ணிகளைச் சோதிக்கக் காசு செலவில்லை. முதலில் அதே பிளக்கில் ஒரு மேசை விளக்கைப் பொருத்திப் பாருங்கள். அடுத்து யு.பி.எஸ்ஸை விலக்கி நேராக இணையுங்கள். பிறகு கேபிளை மாற்றுங்கள். விசிறி சுழலவில்லை, விளக்கும் எரியவில்லை என்றால் குற்றம் பெரும்பாலும் எஸ்.எம்.பி.எஸ். வரையுள்ள பகுதியில் இருக்கும். விசிறி சுழல்கிறது, திரை மட்டும் இருண்டிருக்கிறது என்றால் திரையின் கேபிளையும் ரேமையும் பாருங்கள். தனி கிராஃபிக்ஸ் அட்டை உள்ள பெட்டியில், தூசு துடைத்தபின் திரைக் கேபிளை அட்டையில் செருகாமல் போர்டிலுள்ள துளையில் செருகிவிடுவதும் உண்டு. அது நோயே அன்று!

பல கணிப்பொறிகள் தொடங்கும்போது தம்மைத் தாமே பரிசோதித்துக்கொள்கின்றன. குறை கண்டால் 'பீப்' என்று ஒலி எழுப்புகின்றன. அந்த ஒலிகளின் எண்ணிக்கைக்கும் நீளத்துக்கும் பொருள் உண்டு. அது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். போர்டுடன் வந்த புத்தகத்தில் விளக்கம் இருக்கும். நோயாளி தன் வாயாலேயே நோயைச் சொல்லும்போது நாம் காது கொடுக்க வேண்டாமா?

இன்னொரு சிறு குற்றவாளியையும் அறிமுகம் செய்கிறேன். மதர்போர்டில் ஒரு நாணயம் போன்ற பேட்டரி இருக்கும். பெரும்பாலும் அதன் பெயர் சி.ஆர். 2032. 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம் என்பதையே அந்த எண் குறிக்கிறது. மின்சாரம் இல்லாத வேளையில் கணிப்பொறியின் கடிகாரத்தை ஓட்டுவது அதன் பணி. ஆண்டுகள் சென்று அது தீர்ந்துபோனால் தேதி பல ஆண்டுகள் பின்னோக்கி ஓடிவிடும். இணையதளங்கள் தம் நம்பகத்தன்மைக்குக் காட்டும் சான்றிதழைக் கணிப்பொறி தன் தேதியுடன் ஒப்பிடுகிறது. தேதி பிழையானால் வங்கித் தளம் முதலானவை திறக்க மறுக்கும். நாமோ இணைப்புக் கொடுத்தவரைத் திட்டிக்கொண்டிருப்போம்! சில பத்து ரூபாய் பேட்டரி ஒன்றின் பழி யார் மீதெல்லாம் விழுகிறது, பாருங்கள்.

பத்து நிமிடம் ஓடித் தானே அணைந்துபோனால் வெப்பத்தைச் சந்தேகியுங்கள். ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய நம் வீடுகளில் தூசுக்குக் குறைவேது? செயலியின் மேலுள்ள விசிறியும் அதன் உலோகச் சிறகுகளும் அடைத்துக்கொண்டால் சூடு ஏறும். எரிந்துவிடாமல் தன்னைக் காத்துக்கொள்ளவே கணிப்பொறி அணைகிறது. போர்டில் நிற்கும் சிறு உருளை வடிவக் கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருந்தால் அது மெய்யான சாட்சி. 2000-ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் தரமற்ற மின்கரைசல் நிரப்பப்பட்ட கெப்பாசிட்டர்களால் உலகெங்கும் போர்டுகள் இவ்வாறு உப்பிச் செத்தன.

மூன்று எச்சரிக்கைகள். பெட்டியைத் திறக்குமுன் மின்னிணைப்பை முற்றிலும் அகற்றுங்கள். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை எக்காரணம் கொண்டும் பிரிக்காதீர்கள். இணைப்பை அகற்றிய பின்னும் அதனுள் அபாயமான மின்னேற்றம் தங்கியிருக்கும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். மாற்றியதை நோட்டில் எழுதுங்கள். நான்கு மருந்தை ஒன்றாகக் கொடுத்தால் எந்த மருந்து குணமாக்கியது என்று எந்த ஹகீமுக்குத் தெரியும்?

உடலில் குறையா, மொழியில் குறையா?

கணிப்பொறி இயங்குகிறது, ஒலி மட்டும் வரவில்லை. அச்சுப்பொறி கட்டளைக்குச் செவிசாய்க்கவில்லை. வைஃபை காணாமல் போயிற்று. இத்தகைய வேளையில் பாகம் பழுதா, டிரைவர் பழுதா என்று பிரித்தறிவதே பாதி வைத்தியம்.

டிரைவர் என்றால் என்ன? நம் முன்னோர் அரபு எழுத்தில் தமிழை எழுதிய அரபுத்தமிழ்க் கிதாபு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதை ஓர் அரபு நாட்டவரிடம் கொடுத்தால் எழுத்துக்களில் பெரும்பாலானவற்றை அடையாளம் காண்பார், பொருள் விளங்காது. தமிழ் மட்டும் அறிந்த அண்டை வீட்டாரிடம் கொடுத்தால் எழுத்தே விளங்காது. கிதாபில் குறையில்லை, படிப்பவர் கண்ணிலும் குறையில்லை. இரண்டும் அறிந்த ஒருவர் இடையில் இல்லாததே குறை. விண்டோஸ் போன்ற இயங்குதளத்துக்கும் ஒலி, படம், அச்சு முதலிய கருவிகளுக்கும் இடையே நின்று மொழிபெயர்க்கும் மென்பொருளே டிரைவர். மொழிபெயர்ப்பாளர் இல்லாதபோதும், அவர் வேறு மொழிக்காரராக இருக்கும்போதும் கருவி ஊமையாகிவிடும். கருவியைத் தூக்கி எறிவதால் என்ன பயன்?

ஸ்டார்ட் பொத்தானின் மேல் மவுஸின் வலப்பக்கத்தை அழுத்தினால் டிவைஸ் மேனேஜர் என்ற பெயர் தென்படும். அங்கே கருவிகளின் பட்டியல் இருக்கும். மஞ்சள் குறி தாங்கிய கருவியைத் திறந்தால் ஓர் எண் காட்டும். 28 என்றால் டிரைவரே இல்லை. 10 என்றால் கருவியைத் தொடங்க முடியவில்லை. 43 என்றால் கருவி தானே குறை தெரிவித்ததால் நிறுத்தப்பட்டது. 'அறியப்படாத கருவி' என்று மட்டும் இருந்தால் அதன் விவரப் பகுதியில் ஹார்டுவேர் ஐ.டி. எனும் அடையாள எண்ணைப் பாருங்கள். உதாரணமாக, அதில் தயாரிப்பாளர் எண் 8086 என்றிருந்தால் அது இண்டெல் நிறுவனத்தின் கருவி. 1978-இல் அந்நிறுவனம் வெளியிட்ட புகழ்பெற்ற செயலியின் பெயரும் 8086 தான்!

டிரைவரைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்தே பெறுங்கள். "எல்லா டிரைவரும் இலவசம்" என்று கூவி அழைக்கும் இடங்களில் பல, கள்ள மென்பொருளின் கிடங்குகள். விண்டோஸை மறுபடி பதியுமுன் இணைய இணைப்புக்குரிய டிரைவரைப் பென் டிரைவில் சேமித்து வையுங்கள். மறந்துவிட்டாலும் கலங்க வேண்டாம், கைப்பேசியை யு.எஸ்.பி. கேபிளால் இணைத்து அதன் இணையத்தைப் பகிர்ந்துகொள்ளலாம். புதிய டிரைவர் வந்தபின் தொல்லை தொடங்கியது என்றால், அதே டிவைஸ் மேனேஜரில் 'ரோல் பேக்' மூலம் பழையதற்குத் திரும்பலாம்.

இவ்விஷயத்தில் வல்லவர்களும் தப்பவில்லை. 1998 ஏப்ரல் 20 அன்று சிகாகோ கண்காட்சியில் பில் கேட்ஸ் மேடையில் நிற்க, விண்டோஸ் 98-இன் பெருமையைக் காட்ட ஒரு ஸ்கேனரை இணைத்தார்கள். அரங்கமே பார்த்திருக்கத் திரை நீலமாகிக் கணிப்பொறி நின்றது! 2024 ஜூலை 19 அன்று நடந்தது இன்னும் பெரிது. கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளிலுள்ள டிரைவர் படிக்கும் ஒரு சிறு கோப்பு பிழையாக அனுப்பப்பட்டது. சுமார் 85 லட்சம் கணிப்பொறிகள் நீலத் திரையில் உறைந்தன. நம் மீனம்பாக்கம் உட்பட நாட்டின் பல விமான நிலையங்களில் பயணிகள் காத்துக் கிடந்தனர். அத்தனை இயந்திரங்களிலும் ஒரு பாகமும் பழுதாகவில்லை என்பதை எண்ணிப் பாருங்கள்! சேஃப் மோடில் திறந்து அந்தக் கோப்பை நீக்கியதும் அவை எழுந்தன.

மிகத் தேவையான டிரைவர்களை மட்டும் கொண்டு இயங்கும் நிலையே சேஃப் மோடு. ஷிப்ட் விசையை அழுத்தியபடி ரீஸ்டார்ட் கொடுத்தால் அதற்கான வழி திறக்கும். அந்நிலையில் தொல்லை மறைந்தால் பாகங்களின் மேல் பழி போடாதீர்கள். இதைவிடத் தெளிவான சோதனையும் உண்டு. லினக்ஸ் இயங்குதளத்தை ஒரு பென் டிரைவில் பதித்து, கணிப்பொறியில் எதையும் மாற்றாமல் அதிலிருந்தே இயக்கிப் பார்க்கலாம். விண்டோஸில் ஊமையாயிருந்த ஒலி அங்கே கேட்டால், உடல் நலம், குறை மொழியில்தான்!

லினக்ஸ் என்றதும் மிரள வேண்டாம். 2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகள் நம் வீடுகளில் பரண்மேல் கிடக்கின்றன. தொடக்க ஆண்டுகளில் வழங்கியவற்றில் விண்டோஸுடன் சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. பழைய இயந்திரங்கள் பலவற்றை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. லினக்ஸிலோ பழைய கருவிகள் பலவற்றுக்கான டிரைவர்கள் உள்ளேயே அடங்கியுள்ளன. பரண்மேல் கிடப்பது தம்பியின் படிப்புக்கு மீண்டும் உதவக்கூடும். வீண்விரயத்தை வெறுக்கும் மார்க்கத்தினர் அல்லவா நாம்!

வெள்ளம் புகுந்த வீடுகளில்

2015 டிசம்பர் தொடக்கத்தில் ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியதை எவர் மறப்பார்? முடிச்சூரும் வரதராஜபுரமும் அடையாற்று வெள்ளத்தில் மிதந்தன. பள்ளிவாசல்களின் கதவுகள் எல்லாச் சமயத்தாருக்கும் திறந்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மீண்டும் தண்ணீர் வந்தது. உயிருக்குப் பின்னரே பொருள். எனினும் நீர் வடிந்தபின் பலர், "வேலை செய்கிறதா பார்ப்போம்" என்று நனைந்த கணிப்பொறிக்கு மின்சாரம் கொடுத்துவிடுகிறார்கள். தண்ணீரில் தப்பியதும் மின்சாரத்தில் சாகிறது!

நனைந்ததை இயக்கவே கூடாது. மின்னிணைப்பையும் பேட்டரியையும் அகற்றுங்கள். வெள்ள நீரின் சேறும் உப்பும் உலோகத்தை அரிப்பதால், போர்டைத் தூய நீரிலோ ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலிலோ கழுவி, பல நாட்கள் நிழலில் காற்றாட உலர்த்த வேண்டும். இதை அறிந்தவர் கையால் செய்வது நலம். நனைந்த வன்தட்டை நீங்கள் திறக்கவும் வேண்டாம், இயக்கவும் வேண்டாம். அதிலுள்ள தகவல் இன்றியமையாததாயின் தகவல் மீட்பு வல்லுநரிடமே ஒப்படையுங்கள்.

அமானிதம்

வன்தட்டில் 'கடக் கடக்' என்று சத்தம் கேட்டால் அது அபாய அறிவிப்பு. அந்தக் கணமே மற்ற வேலைகளை நிறுத்தி, முக்கியமானவற்றை நகல் எடுங்கள். நகல் எடுப்பதைச் சத்தம் வரும்வரை தள்ளிப்போடுவதும் தவறே. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன் மீது பொறுப்புச் சாட்டும்படி பெருமானார் (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தி திர்மிதியில் உண்டு. மாதம் ஒருமுறை வெளி வன்தட்டில் எடுத்து வைக்கும் நகல்தான் நம் ஒட்டகத்தின் கயிறு.

குடும்பப் பெண்களின் படங்கள், நிக்காஹ் ஒளிப்படங்கள், வங்கி விவரங்கள் எல்லாம் வன்தட்டில் இருக்கின்றன. கடைக்கு அனுப்புமுன், குறை வன்தட்டில் இல்லையெனில், அதைக் கழற்றி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரரைச் சந்தேகிப்பதற்காக அன்று. அமானிதத்தைக் காப்பது நம் கடமை என்பதற்காக. பின் அவரிடம் மூன்று கேள்விகளைப் பணிவுடன் கேளுங்கள்: எந்தப் பாகம் பழுது? எப்படிச் சோதித்துக் கண்டீர்கள்? பழைய பாகத்தைத் திருப்பித் தருவீர்களா? நேர்மையாளர் இக்கேள்விகளை வரவேற்பார்.

ஜமாஅத்துகளுக்கு ஒரு வேண்டுகோள்

2009-இல் ஆம்ஸ்டர்டாம் நகரில் மார்ட்டின் போஸ்ட்மா என்ற பெண்மணி ஒரு முயற்சியைத் தொடங்கினார். பழுதான பொருளுடன் மக்கள் ஓரிடத்தில் கூடுவார்கள்; அறிந்தவர் இலவசமாக உதவுவார்; உரியவர் அருகிலமர்ந்து கற்றுக்கொள்வார். இன்று பல நாடுகளில் அது பரவியிருக்கிறது. நம்மிடம் இதற்கு என்ன குறை? வண்டலூரில் பி.எஸ்.அப்துர் ரஹ்மான் அவர்கள் 1984-இல் தொடங்கிய கிரசண்ட் பொறியியற் கல்லூரி இன்று உயர்கல்வி நிறுவனமாக ஓங்கி நிற்கிறது. அதில் பயின்றவர்களும், பிற கல்லூரிகளில் பயின்றவர்களும் நம் மஹல்லாக்கள் தோறும் இருக்கிறார்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு, மதரஸாக் கூடத்தில் இரண்டு மணி நேரம் அவர்களை அமர்த்தினால் போதும். சகோதரிகளுக்குத் தனி ஏற்பாடு செய்யலாம். அண்டை அயலிலுள்ள பிற சமயச் சகோதரர்களுக்கும் கதவு திறந்திருக்கட்டும். ஒரு ரேமைத் துடைக்கத் தெரிந்த ஓர் இளைஞர், ஒரு தாயை வட்டிக் கடையின் வாசலிலிருந்து திருப்பி அழைத்துவர முடியும் என்றால் அந்த அறிவுக்கு இறைவனிடம் கூலி இல்லாமலா போகும்?

ஆராய்ந்து தெளியும் அறிவையும், அறிந்ததைப் பிறருக்கு வழங்கும் உள்ளத்தையும் வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.